ரேஸ்டிராக் பிளாயாவுக்கு மிதிவண்டியோடும் நாயோடும் போகலாமா?

கலிஃபோர்னியாவின் டெத் வேலி தேசியப் பூங்காவுக்கு டிசம்பர் கடைசியில் நீங்கள் இருவரும் செல்லவிருப்பதாகவும், கற்கள் தாமாக நகர்ந்து தடம் பதிக்கும் ரேஸ்டிராக் பிளாயா என்ற வறண்ட ஏரிப்படுகையை இரண்டு மலை மிதிவண்டிகளோடும் வளர்ப்பு நாயோடும் பார்க்க விரும்புவதாகவும் எழுதியிருந்தீர்கள். படுகையின் மேல் மிதிவண்டி ஓட்டலாமா, நாயை அதன் மேல் நடத்திச் செல்லலாமா, இரண்டும் முடியாதென்றால் இவற்றை எடுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போவதில் பயன் உண்டா என்பவை உங்கள் கேள்விகள். முதல் இரண்டுக்கும் விடை, கூடாது என்பதே. மூன்றாவதற்கு என் விடை, நிச்சயமாகப் பயன் உண்டு என்பது. பாதையின் விளிம்பு எங்கே முடிகிறதோ அங்கே மிதிவண்டிக்கும் நாய்க்கும் உரிய இடம் முடிந்துவிடுகிறது என்பதை மனத்தில் இருத்தி அன்றைய நாளைத் திட்டமிட்டால், நீங்கள் மூவருமே ஏமாற்றமின்றித் திரும்பலாம்.

இந்த விதி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். டெத் வேலி 1933-இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டு, 1994-இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. அந்த 1994-ஆம் ஆண்டுச் சட்டமே பூங்காவின் மிகப் பெரும்பகுதியை, அதாவது நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேலான நிலத்தை, மனிதக் கை படாமல் காக்கப்படும் இயற்கை நிலம் என்று பொருள்படும் ‘வில்டர்னஸ்’ என்ற பிரிவில் சேர்த்தது. அப்படிச் சேர்க்கப்பட்ட நிலத்தில் இயந்திர விசையால் ஓடும் வண்டி மட்டுமல்ல, மனிதன் மிதித்து ஓட்டும் சக்கர வண்டியும் கூடாது என்பது 1964-ஆம் ஆண்டின் வில்டர்னஸ் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் முறை. பொதுமக்களின் வாகனங்களுக்குத் திறந்துவிடப்பட்ட பாதைகள், தார் போட்டவையானாலும் மண் பாதைகளானாலும், அந்த நிலத்தின் ஊடே ஓடும் மெல்லிய கோடுகளாக இதிலிருந்து விலக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே ரேஸ்டிராக் வரை செல்லும் மண் பாதை முழுவதும் உங்கள் மிதிவண்டிக்கு உரியது. அதிலிருந்து ஒரு சக்கரம் இறங்கிப் படுகையைத் தொட்டாலும் அது விதிமீறல்.

நாய்க்கும் ஏறத்தாழ இதே எல்லைதான். டெத் வேலியில் வாகனம் போகக்கூடிய இடங்களிலெல்லாம், அதாவது பாதைகள், வாகன நிறுத்துமிடங்கள், முகாமிடங்கள், உணவருந்தும் திடல்கள் ஆகியவற்றில், வளர்ப்பு நாய் இருக்கலாம். நடைபாதைகளிலும் திறந்த நிலத்திலும் இருக்கக் கூடாது. எந்த நேரமும் அது ஆறடிக்கு, அதாவது 1.8 மீட்டருக்கு, மேற்படாத கயிற்றில் உங்கள் கையில் இருக்க வேண்டும். எங்காவது கட்டிப்போட்டுவிட்டு நீங்கள் இருவரும் நகர்ந்துவிடுவதும் தடைசெய்யப்பட்டது. பலர் இந்தக் கடைசி விதியைக் கவனிக்காமல், வண்டியின் பம்பரில் நாயைக் கட்டிவிட்டு இருவரும் கற்களைப் பார்க்கப் போய்விடலாம் என்று எண்ணிக்கொண்டு வருகிறார்கள். அது விதிக்கு மாறானது என்பதோடு, கயோட்டிகள் என்ற ஓநாய் போன்ற காட்டு விலங்குகள் நடமாடும் வெட்டவெளியில் நாய்க்கு ஆபத்தானதும்கூட. மாற்றுத்திறனாளி ஒருவருக்கு உதவுவதற்கென்றே பயிற்றப்பட்ட சேவை நாய்களுக்கு மட்டும் இந்தத் தடைகள் பொருந்தா. மனிதர் போகும் இடங்களுக்கு அவையும் போகலாம். உங்களுடையது வீட்டு நாய் என்பதால் அந்த விலக்கை நாட வழியில்லை.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று தோன்றலாம். அந்தப் படுகை எத்தகையது என்று தெரிந்தால் அந்த எண்ணம் மறைந்துவிடும் என்று நம்புகிறேன். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,130 மீட்டர் உயரத்தில், மலைகளுக்கு நடுவே, வடக்கு தெற்காக ஏறத்தாழ நாலரை கிலோமீட்டர் நீளமும் இரண்டு கிலோமீட்டர் அகலமுமாக அது கிடக்கிறது. மழைநீர் வந்து தேங்கி, வெளியேற வழியின்றி ஆவியாகும்போது விட்டுச்செல்லும் நுண்ணிய களிமண்தான் அதன் தரை. காய்ந்ததும் அந்தக் களிமண் உள்ளங்கையளவு பல்கோணத் துண்டுகளாக வெடித்து, அடிவானம் வரை ஓடு பாவியதுபோல் பரவிநிற்கும். இரு முனைகளுக்கும் இடையே உயர வேறுபாடு சில சென்டிமீட்டர்தான். வட பகுதியில், தீவு ஒன்று கரையேறி நிற்பதுபோல், கிராண்ட்ஸ்டாண்ட் என்ற கரும்பாறைக் குன்று இருபது மீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்தில் நிற்கிறது. தென்முனையில் மலைச்சரிவு ஒன்று படுகையை நேராகத் தொடுகிறது. அங்கிருந்து உதிர்ந்த கற்களே படுகையின் மேல் பயணம் செய்பவை. கைக்குள் அடங்கும் கற்களும் உண்டு, முந்நூறு கிலோவைத் தாண்டிய பாறைகளும் உண்டு. ஒவ்வொன்றின் பின்னாலும் களிமண்ணில் பள்ளமாக ஒரு தடம் நீளும். சில தடங்கள் நேர்கோடு. சில வளைந்து, திரும்பி, மீண்டும் நேராகும். அருகருகே உள்ள இரண்டு கற்கள் ஒரே வளைவை ஒன்றையொன்று பார்த்து வரைந்ததுபோல் வரைந்திருப்பதும் உண்டு.

இந்தக் கற்கள் எப்படி நகர்கின்றன என்பது பல தலைமுறை ஆய்வாளர்களைத் திகைக்க வைத்த கேள்வி. புயற்காற்று, வழுக்கும் சேறு, கல்லைப் பிடித்துத் தூக்கும் பனிக்கட்டி என்று விளக்கங்கள் பல வந்தன. ராபர்ட் ஷார்ப், டுவைட் கேரி என்ற புவியியலாளர்கள் முப்பது கற்களுக்குப் பெயரிட்டு, 1960-களின் இறுதி முதல் ஏழாண்டுகள் அவற்றின் இடமாற்றத்தை அளந்தார்கள். ஆனால் ஒரு கல்லாவது நகர்வதை யாரும் கண்ணால் கண்டதில்லை. ரிச்சர்ட் நாரிஸ், அவருடைய உறவினரான பொறியாளர் ஜேம்ஸ் நாரிஸ், கோள் அறிவியலாளர் ரால்ஃப் லோரென்ஸ் ஆகியோர் அடங்கிய குழு, இருப்பிடங்காட்டிக் கருவி பொருத்திய பதினைந்து கற்களை வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்துக் காத்திருந்தது. படுகையின் சொந்தக் கற்களில் கருவி பொருத்தப் பூங்கா நிர்வாகம் இசையவில்லை. 2013 டிசம்பரில் அவர்கள் அங்கே சென்றபோது படுகையின் தென்பகுதியில் சில சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீர் தேங்கியிருந்தது. இரவில் அதன் மேல் ஜன்னல் கண்ணாடியளவு மெல்லிய பனித்தகடு உறைந்தது. காலை வெயிலில் அது பெரிய பெரிய துண்டுகளாக உடைந்து, மிதமான காற்றிலேயே மிதந்து நகர்ந்து கற்களைத் தள்ளியது. டிசம்பர் 20 அன்று அறுபதுக்கும் மேற்பட்ட கற்கள் நகர்ந்தன. நிமிடத்துக்கு இரண்டு முதல் ஐந்து மீட்டர் வரைதான் வேகம். சற்றுத் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு நகர்வதே தெரியாது. 2014-இல் இந்த முடிவு ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. கல்லைத் தூக்கிச் செல்லத் தடித்த பனியோ பெரும்புயலோ தேவையில்லை, மூன்று முதல் ஆறு மில்லிமீட்டர் பனித்தகடும் காலைக் காற்றும் போதும் என்ற அந்த எளிய விடை எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கல் நகரத் தேவையான அதே நிலைதான், அதாவது குளிர்காலத்தில் ஊறி இளகிய களிமண்தான், மிதிவண்டிச் சக்கரத்தையும் நாயின் பாதத்தையும் மனிதரின் காலடியையும் அச்சுப்போல் பதித்துக்கொள்கிறது. காய்ந்தபின் அந்தப் பதிவு, அடுத்த பெருவெள்ளம் வந்து தரையைக் கரைத்துச் சமன்செய்யும் வரை ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். 2016-இல் யாரோ ஒருவர் படுகையின் மேல் வாகனத்தை ஓட்டி, சுமார் 16 கிலோமீட்டர் நீளத்துக்குச் சக்கரத் தடம் விட்டுச் சென்றது செய்தியானது. மிதிவண்டியின் தடம் அதைவிட மெல்லியது என்று ஆறுதல் கொள்ள முடியாது. சிறு கல்லொன்றின் தடமும் ஏறத்தாழ அதே அகலம் என்பதால், இயற்கை எழுதிய வரியோடு மனிதன் கிறுக்கிய வரி கலந்துவிடுகிறது. பின்னால் வருபவரால் இரண்டையும் பிரித்தறிய முடிவதில்லை. தரை ஈரமாகவோ மிருதுவாகவோ இருந்தால் மனிதர்களும் படுகையில் கால் வைக்கக் கூடாது. நீங்கள் செல்வது டிசம்பர் என்பதால் அப்படியொரு நாளாக அது அமைந்துவிட வாய்ப்புண்டு. அப்போது பாதையோரத்தில் நின்று பார்ப்பதோடு மனநிறைவு கொள்ளுங்கள். கற்களைப் புரட்டுவதும், நகர்த்திப் படம் எடுப்பதும், நினைவுக்கென்று எடுத்துச் செல்வதும் எந்தப் பருவத்திலும் கூடாதவை. தடத்தின் முடிவில் கல் இல்லாத வெற்றுப் பள்ளங்கள் சிலவற்றை அங்கே காண்பீர்கள்.

இனிப் பாதைக்கு வருகிறேன்; பயணத்தின் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இதுதான். யூபிஹீபி எரிமலைப் பள்ளத்துக்கு அருகில் தார்ச்சாலை முடிகிறது. அங்கிருந்து ரேஸ்டிராக்குக்கு 27 மைல், அதாவது 43 கிலோமீட்டர், மண்ணும் கூர்ங்கற்களுமான பாதை. தூரத்தைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். துணி துவைக்கும் பலகைபோல் குறுக்கே வரிவரியாக மேடுபள்ளம் விழுந்த அந்தப் பாதையில் ஒருவழிக்கு மட்டும் இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும். தரையிலிருந்து அடிப்பாகம் நன்கு உயர்ந்த, நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வண்டி வேண்டும். அதைவிட முக்கியம், கற்களின் கூர்முனையைத் தாங்கும் தடித்த டயர்கள். நகரச் சாலைக்கென வந்த மெல்லிய டயர்கள் இங்கே பக்கவாட்டில் கிழிந்துபோவது வழக்கமாக நடப்பது. முழு அளவு ஸ்டெப்னி ஒன்றாவது, முடிந்தால் இரண்டு, அவற்றோடு ஜாக்கி, காற்றடிக்கும் பம்ப் ஆகியவை இல்லாமல் புறப்படாதீர்கள். புறப்படும் முன் வண்டி ஓட்டுபவர் ஒருமுறையாவது சொந்தக் கையால் ஸ்டெப்னியை மாற்றிப் பார்த்திருக்க வேண்டும் என்பது என் திடமான கருத்து. வாடகை வண்டியாக இருந்தால் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். தார் இல்லாத பாதையில் ஓட்டுவதைச் சாதாரண வாடகை ஒப்பந்தங்கள் தடை செய்கின்றன. பூங்காவுக்குள்ளேயே இத்தகைய பாதைகளுக்கென்று தயார்செய்த ஜீப்புகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. நாயை ஏற்ற ஒப்புக்கொள்வார்களா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கைப்பேசிக்கு அங்கே அலைவரிசை கிடைக்காது. உதவிக்கு வரும் மீட்பு வண்டிக்கான செலவு, விடுமுறைக்கு ஒதுக்கிய பணத்தை விழுங்கிவிடும் அளவுக்கு இருக்கலாம்.

மிதிவண்டியில் முழுத் தூரத்தையும் கடப்பது சட்டப்படி முடியும். பலர் செய்தும் இருக்கிறார்கள். ஆனால் போய்வர 87 கிலோமீட்டர், குறுக்கு வரிகளில் உடல் முழுதும் அதிரும் பயணம், வழியெங்கும் ஒரு சொட்டு நீர் கிடையாது. தொடக்கத்தில் பாதை, ஜோஷுவா மரங்கள் நிற்கும் சுமார் 1,500 மீட்டர் உயரக் கணவாய் வரை மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும். டிசம்பரில் பொழுது நாலரை மணிக்கெல்லாம் சாய்ந்துவிடும். ஒரே நாளில் போய்த் திரும்புவது தேர்ந்த ஓட்டக்காரர்களுக்கே கடினம், நாய் உடன் இருக்கும் குடும்பத்துக்குப் பொருந்தாது. நாயை மிதிவண்டியின் பக்கத்தில் ஓடவிடும் எண்ணம் இருந்தால் தயவுசெய்து கைவிடுங்கள். நாய் தன் எசமானரின் வேகத்துக்கு ஈடுகொடுக்கத் தன் வலியை மறைத்துக்கொண்டு ஓடும். பாதம் கிழிந்தது உங்களுக்குத் தெரியவரும்போது வண்டி பத்து மைல் பின்னால் நின்றிருக்கும். இழுவண்டியில் உட்காரவைத்து இழுப்பதும் அந்த வரிமேடுகளில் நாய்க்குத் துன்பமே.

நான் பரிந்துரைப்பது வேறு. யூபிஹீபியிலிருந்து சுமார் 20 மைல் வண்டியிலேயே சென்றால் டீகெட்டில் ஜங்ஷன் என்ற முச்சந்தி வரும். வழிப்போக்கர்கள் ஊரும் நாளும் எழுதித் தொங்கவிட்ட தேநீர்க் கெண்டிகள் நிறைந்த ஒரு பெயர்ப்பலகைதான் அதன் அடையாளம். நாயை இறக்கி நீர் காட்டவும், கைகால்களை நீட்டிக்கொள்ளவும் ஏற்ற இடம். அங்கிருந்து கிராண்ட்ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள நிறுத்துமிடம் வரை ஏறத்தாழ ஆறு மைல், அதாவது பத்து கிலோமீட்டர். பெரும்பாலும் மெதுவான இறக்கம். உங்களில் ஒருவர் இங்கே மிதிவண்டியில் ஏறிக்கொள்ளட்டும், மற்றவர் நாயோடு வண்டியில் முன்னால் போய்க் காத்திருக்கட்டும். வண்டி பின்னால் வந்தால் உங்கள் மிதிவண்டிக்காரர் புழுதியை விழுங்கமாட்டார் என்பது உண்மைதான். ஆனால் அவர் சற்று நேரம் தனியே, எந்திர ஓசையில்லாமல், பள்ளத்தாக்கு திறந்துகொண்டே வருவதையும் தூரத்தில் வெளிறிய கோடாகப் படுகை தோன்றுவதையும் பார்க்கட்டும் என்றுதான் வண்டியை முன்னால் போகச் சொல்கிறேன்; புழுதி அடங்கிய பிறகு புறப்பட்டால் போதும். திரும்பும்போது மற்றவர் அதே தூரத்தை எதிர்த்திசையில் ஏறிச் செல்லலாம். இந்த ஒரு பகுதியை ஓட்டுவதற்காகவே மிதிவண்டியை அவ்வளவு தூரம் சுமந்து செல்வது தகும் என்பேன்.

மிதிவண்டியைச் சுமக்கும் விதத்தைப் பற்றியும் ஒரு சொல். வண்டியின் பின்புறம் மாட்டும் தாங்கிகள் வழுவழுப்பான சாலைக்கென்று செய்யப்பட்டவை. இரண்டு மணி நேர அதிர்வில் திருகாணிகள் தளர்ந்து, மிதிவண்டியோடு தாங்கியே கழன்று விழ இடமுண்டு. முன்சக்கரத்தைக் கழற்றி வண்டிக்குள்ளேயே படுக்கவைப்பது நல்லது. நாய்க்கும் சாமானுக்கும் இடம் போதாமல் தாங்கியையே நம்ப வேண்டியிருந்தால், கூடுதல் பட்டைகளால் இறுக்கிக் கட்டி, அரை மணிக்கொருமுறை நிறுத்திச் சோதியுங்கள். மிதிவண்டிக்கு அகன்ற டயரும் குறைந்த காற்றழுத்தமும் ஏற்றவை. மாற்று டியூப் இரண்டு, பஞ்சர் ஒட்டும் பொருள்கள், சங்கிலியின் புழுதி துடைக்கத் துணி, தலைக்கவசம் இருந்தால் போதும்.

நாயைப் பொறுத்தவரை, நீங்கள் தேர்ந்தெடுத்த மாதம் சரியானது. கோடையில் கேட்டிருந்தால் நாயை இந்தப் பூங்காவுக்கே அழைத்து வராதீர்கள் என்றுதான் எழுதியிருப்பேன். 1913 ஜூலை 10 அன்று இங்கே பதிவான 56.7 டிகிரி செல்சியஸ் காற்று வெப்பத்தைப் பலரும் அறிவார்கள். ஃபர்னஸ் கிரீக்கில் 1972 ஜூலையில் தரையின் வெப்பம் 93.9 டிகிரியாக அளக்கப்பட்டதை அறிந்தவர் குறைவு. நாய் நடப்பது காற்றில் அல்ல, தரையில். டிசம்பரில் ரேஸ்டிராக் பகுதியில் பகல் இதமாகவும் இரவு உறைநிலைக்குக் கீழும் இருக்கலாம். அதனால் வெயிலைவிடக் கூர்ங்கல்லும் குளிர்காற்றும்தான் அங்கே நாயின் பகைகள். பாதவுறை அணியும் பழக்கத்தை வீட்டிலேயே இரண்டு வாரம் முன்னதாகத் தொடங்குங்கள். முதல் முறையாகப் பாலைவனத்தில் மாட்டினால் நாய் நடக்க மறுத்து நின்றுவிடும். வண்டிக்குள் அதிர்வில் உருண்டு அடிபடாதவாறு மார்புப்பட்டையோடு இருக்கையில் பிணைத்து, வழியில் அடிக்கடி நிறுத்தி இறக்குங்கள். புறப்படும் முன் வயிறு நிறைய உணவு கொடுப்பது நல்லதன்று. மனிதருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது நான்கு லிட்டர் என்று கணக்கிட்டு, நாய்க்கும் தனியே நீர் எடுத்து, அதற்கு மேல் ஒரு நாளுக்கான நீரைத் தொடாமல் வைத்திருங்கள். பாதை அடைபட்டாலோ வண்டி நின்றுவிட்டாலோ இரவை அங்கேயே கழிக்க நேரும். பூங்காவுக்குள் கால்நடை மருத்துவர் இல்லை. எல்லையைத் தாண்டி நெவாடாவின் பாரம்ப் போன்ற ஊர்களுக்குத்தான் போக வேண்டும், ரேஸ்டிராக்கிலிருந்து அது பல மணி நேரப் பயணம். காயத்துக்குக் கட்டுப்போடும் துணியும் முள்ளெடுக்கும் இடுக்கியும் உங்கள் பையில் இருக்கட்டும். மலத்தைப் பையில் எடுத்துத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அந்த வறட்சியில் அது மட்கிப்போவதில்லை.

படுகையை அடைந்தபின் செய்ய வேண்டியதை இப்படி அமைத்துக்கொள்ளுங்கள். பாதை படுகையின் மேற்கு விளிம்பை ஒட்டியே ஓடுகிறது என்பது உங்கள் நற்பேறு. கிராண்ட்ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு நிறுத்துமிடமும், அதற்குத் தெற்கே இரண்டு மைல் தள்ளி இன்னொன்றும் உள்ளன. கற்களின் தடங்களைப் பார்க்க இரண்டாவது இடமே உரியது. அங்கே இறங்கித் தென்கிழக்கு மூலையை நோக்கி அரை மைலாவது படுகையில் நடக்க வேண்டும். நின்று நிதானித்துப் பார்த்துத் திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் மற்றவர் நாயோடு பாதையிலேயே வடக்கு நோக்கி நடக்கலாம். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் படுகையின் முழு விரிவு, தொலைவில் கிராண்ட்ஸ்டாண்டின் கரிய உருவம் என்று அந்த நடைக்கே தனியழகு உண்டு. காத்திருக்கும் முறை ஒரு தண்டனையாகத் தோன்றாது. பிறகு முறை மாறிக்கொள்ளுங்கள். முதலில் யார் போவது என்பதை ஒளியைக் கொண்டு முடிவு செய்யுங்கள்: சூரியன் தாழ்வாக இருக்கும் காலையிலும் மாலையிலும்தான் தடங்களின் விளிம்பில் நிழல் விழுந்து அவை தெளிவாகத் தெரியும், உச்சிப்பொழுதில் தட்டையாகிவிடும். மேற்கே நிற்கும் யூபிஹீபி சிகரம் பிற்பகலில் படுகையின் மேல் நிழலை வீசிவிடுவதால், மாலை ஒளி என்று நீங்கள் எண்ணும் நேரத்துக்கு முன்பே வெயில் போய்விடும். படமெடுப்பதில் ஆர்வமுள்ளவர் காலை முறையை எடுத்துக்கொள்வது நல்லது.

விடியற்காலையில் அங்கே இருக்க வேண்டுமென்றால் இரவு அருகில் தங்கியாக வேண்டும். படுகைக்குத் தெற்கே ஹோம்ஸ்டேக் டிரை கேம்ப் என்ற வசதியற்ற முகாமிடம் இருக்கிறது. பெயரே சொல்வதுபோல் நீர் கிடையாது. படுகையை ஒட்டி வேறெங்கும் கூடாரம் அடிக்கக் கூடாது, தீ மூட்டவும் கூடாது. தங்குவதற்கான அனுமதிச் சீட்டைப் பற்றி ஃபர்னஸ் கிரீக் பார்வையாளர் மையத்தில் முதலிலேயே பேசிவிடுங்கள். டெத் வேலி 2013-இல் பன்னாட்டு இருள்வானப் பூங்காவாக அங்கீகரிக்கப்பட்டது. நிலவில்லாத இரவில் அங்கே பால்வெளி மண்டலம் தரையில் நிழல் விழச் செய்யுமோ என்று எண்ணும்படி இருக்கும். நாய் அன்றிரவு உங்களோடு கூடாரத்துக்குள்ளோ வண்டிக்குள்ளோதான் உறங்க வேண்டும். குளிரோ தனிமையோ வேண்டாம் என்றால், யூபிஹீபிக்குப் பக்கத்தில் தார்ச்சாலையை ஒட்டிய மெஸ்கீட் ஸ்பிரிங் முகாமிடத்தில் தங்கி அதிகாலையில் புறப்படலாம். நாய்க்கு அங்கே இடமுண்டு, குடிநீரும் உண்டு.

போகும் வழியில் யூபிஹீபி பள்ளத்தை மறக்காமல் பாருங்கள். மேலெழுந்த எரிமலைக் குழம்பு நிலத்தடி நீரைச் சந்தித்து, நீராவியாக வெடித்துத் தோண்டிய பள்ளம் அது. அரை மைல் அகலமும் சுமார் 180 மீட்டர் ஆழமும் கொண்டது. இந்த நிலத்தின் தொல்குடியான திம்பிஷா ஷோஷோனி மக்கள் அதைக் கயோட்டியின் கூடை என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். பள்ளத்தின் வாய் வாகன நிறுத்துமிடத்திலிருந்தே முழுமையாகத் தெரிவதால் நாயும் உடன் நிற்கலாம். விளிம்பைச் சுற்றும் நடைபாதைக்கு மட்டும் அது வரக் கூடாது.

மழை பெய்த மறுநாள் ரேஸ்டிராக் பாதை மூடப்படலாம். 2023 ஆகஸ்டில் ஹிலாரி புயலின் மழை, ஓராண்டில் பெய்வதற்கும் சற்று அதிகமான அளவை ஒரே நாளில் கொட்டியபோது, பூங்கா முழுவதுமே ஏறத்தாழ இரண்டு மாதம் மூடிக்கிடந்தது. ஆகவே புறப்படும் அன்று காலை பூங்காவின் பாதை நிலவர அறிவிப்பைப் பார்த்துவிட்டு, பார்வையாளர் மையத்தில் ரேஞ்சரிடமும் நேரில் கேளுங்கள். பூங்கா நுழைவுக் கட்டணமாக ஒரு வாகனத்துக்கு ஏழு நாளுக்கு 30 டாலர் செலுத்தும்போதே இதைக் கேட்டுக்கொள்ளலாம். கைப்பேசி வரைபடம் காட்டும் குறுக்குவழிகளை நம்பாமல் அச்சிட்ட வரைபடம் ஒன்றையும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். பாதை மூடியிருந்தால் நாள் வீணாகிவிட்டதென்று வருந்த வேண்டாம். ஃபர்னஸ் கிரீக்கிலிருந்து சிறிது தூரத்தில், மஞ்சள் நிறக் களிமண் குன்றுகளின் நடுவே வளைந்து செல்லும் ட்வென்டி மியூல் டீம் கேன்யன் என்ற 2.7 மைல் ஒருவழி மண் பாதை உங்களுக்காகவே அமைந்ததுபோல் இருக்கும். மிதிவண்டிக்கும் அனுமதி உண்டு, கயிற்றில் பிடித்த நாய்க்கும் அனுமதி உண்டு, சாதாரண கார் போகும் அளவுக்குப் பாதையும் நன்றாக இருக்கும். பள்ளத்தாக்கின் அடியில் உப்புப் படுகையின் மேற்கோரமாக ஓடும் வெஸ்ட் சைடு ரோடு என்ற நீண்ட சரளைப் பாதையும் மிதிவண்டிக்கு ஏற்றது. மழைக்குப் பின் அதுவும் மூடப்படுவதுண்டு என்பதால் அதைப் பற்றியும் அதே ரேஞ்சரிடமே கேட்டுவிடுங்கள்.

ரேஸ்டிராக்குக்குப் புறப்படுவதானால் ஃபர்னஸ் கிரீக்கிலேயோ ஸ்டோவ்பைப் வெல்ஸிலேயோ எரிபொருள் கலத்தை நிரப்பிக்கொள்ளுங்கள். அவற்றைத் தாண்டிய பிறகு அந்த வழியில் எரிபொருள் கிடைக்காது. ஃபர்னஸ் கிரீக்கிலிருந்து படுகை வரை 83 மைல், மூன்றரை மணி நேரம். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால், இருவரும் முறை மாறிப் பார்த்து, மிதிவண்டியும் ஓட்டி, இருட்டும் முன் தார்ச்சாலையைத் தொட்டுவிடலாம்.